பல்கலைக்கழகக் கல்லூரியும் கரைத்தீவு மாணவனும்

இலங்கையின் கரையோரத்திலே காரைதீவு என்றும் கரைத்தீவு என்றும் பெயர் பெற்ற ஊர்கள் மூன்று உண்டு. வடக்கே, இன்று காரைநகர் என வழங்கும் ஊரின் பழம்பெயர் காரைதீவு. கிழக்கே, கல்முனைக்கு அண்மையில் உள்ள காரைதீவு சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். மேற்கே, புத்தளம் நகருக்கு வடபால், வில்பத்துக் காட்டை அடுத்த கடலோரத்தில் அமைந்தது கரைத்தீவு. பெயரளவில் உடன்பிறந்தார் போலத் தோன்றும் இம்மூன்று ஊர்களும் கல்வி வரலாற்றில் ஒரே நிலையில் இருந்தனவல்ல. வடக்கிலுள்ள ஊருக்கு அண்மையில், வட்டுக்கோட்டையிலே, 1823ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிசனரிமார் உயர்தரக் கல்விச்சாலையொன்றை நிறுவினர். கிழக்கிலுள்ள ஊர் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு அதன் முதல் தமிழ்ப் பேராசிரியரை வழங்கியது. மேற்கிலுள்ள கரைத்தீவும் அதனைச் சார்ந்த புத்தளக் கரையுமோ பல்கலைக்கழக வாயிலுக்கு நெடுந்தொலைவில் நின்றன.

ஒரு நாட்டின் பல்கலைக்கழகம் எல்லா இனத்தாருக்கும் எல்லாச் சமயத்தாருக்கும் உரியது என்று சட்டம் சொல்லிவிடலாம். ஆனால், தொலைவான கரையில் பிறந்த ஏழை மாணவன் அதனுள் நுழைந்து, பசியின்றித் தங்கி, அச்சமின்றிப் பழகி, படித்து முடித்து வெளியேறுவதற்குச் சட்டம் மட்டும் போதுமா? வாயில் திறந்திருப்பது ஒன்று. உள்ளே இடம் இருப்பது வேறொன்று. இலங்கைப் பல்கலைக்கழகக் கல்வியின் ஒரு நூற்றாண்டு வரலாறு இவ்விரண்டுக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறைக்கச் சிலர் செய்த முயற்சியின் வரலாறாகும்.

புத்தளக் கரைக்குக் கல்வி மரபு இல்லையென எவரும் எண்ணிவிடலாகாது. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி இப்பகுதியின் மைந்தர். இலங்கையின் ஊர்கள், ஆறுகள், மக்கள் ஆகியோரைப் பற்றிய விவரத் திரட்டொன்றை 1834இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அவரே. தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்துத் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலை 1859இல் தந்தவரும் அவரே. இப்பகுதியிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலவராக வாழ்ந்து வந்திருக்கின்றனர். முன்னேசுவரத்துக்குச் செல்லும் வழியும் தலவில் அன்னம்மாள் திருத்தலத்துக்குச் செல்லும் வழியும் இம்மாவட்டத்திலேயே உள்ளன. பழைய பள்ளிவாசல்களும் பௌத்த விகாரைகளும் அவ்வாறே. பல்லின வாழ்வு இம்மக்களுக்குப் புதிதன்று. அவர்களுக்கு இல்லாதிருந்தது உயர்கல்விக்குச் செல்லும் பாதையே. கொழும்பிலிருந்து வந்த புகையிரதப் பாதைகூட 1926இல்தான் புத்தளத்தை எட்டியது.

இலங்கையில் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு உருக்கொடுத்தவர்களுள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1906இல் அமைந்த இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் தலைவராக அவர் விளங்கினார். அக்காலத்தில் பட்டம் பெற விரும்பிய இலங்கையன் ஒன்றில் கடல் கடந்து இங்கிலாந்துக்கோ இந்தியாவுக்கோ செல்லவேண்டும். அல்லது இங்கிருந்தபடியே லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்றவேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்ற மிகச் சிலருமே கடல் கடக்க இயன்றது. நாட்டு மக்களின் மொழிகளுக்கும் வரலாற்றுக்கும் இடமளிக்கும் கல்விநிலையம் நாட்டிலேயே அமையவேண்டும் என அருணாசலம் வாதாடினார்.

அம்முயற்சியின் முதற்பயனாக 1921 சனவரியில் கொழும்பு தேர்ஸ்டன் வீதியிலே இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பெற்றது. றொபேட் மார்ஸ் அதன் முதல் அதிபர். தானாகப் பட்டம் வழங்கும் உரிமை அக்கல்லூரிக்கு இருக்கவில்லை. மாணவரை லண்டன் பரீட்சைகளுக்கு ஆயத்தம் செய்வதே அதன் பணி. எனினும், அஃது ஒரு சமயத்தாரின் கல்லூரியன்று; ஓர் இனத்தாரின் கல்லூரியுமன்று. அதுவரை நாட்டின் சிறந்த பாடசாலைகளிற் பல கிறித்தவ சபைகளினாலோ, பௌத்த, இந்து, முஸ்லிம் சங்கங்களினாலோ நடத்தப்பெற்றன. இங்கோ சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்தனர். ஆண்களோடு பெண்களும் பயின்றனர். அக்கால இலங்கைக்கு இது சிறிய மாற்றமன்று.

ஆயினும், உள்ளே வந்தவர் யார் என்று பார்க்குமிடத்து, வாயில் எத்துணைக் குறுகியது என்பது தெரியவரும். முதல் தடை மொழி. கல்வி முழுவதும் ஆங்கிலத்தில் நடைபெற்றது. நல்ல ஆங்கிலப் பாடசாலைகளோ கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டி, காலி முதலிய நகரங்களைச் சூழ்ந்திருந்தன. இரண்டாவது தடை பணம். பாடசாலைக்கும் கட்டணம், கல்லூரிக்கும் கட்டணம். மூன்றாவது தடை உறைவிடம். கொழும்பில் உறவினர் வீடு இல்லாத மாணவன் எங்கே தங்குவான்? அவனுக்கு ஏற்ற உணவு எங்கே கிடைக்கும்? மரக்கறி உண்போனுக்கும் ஹலால் உணவு வேண்டுவோனுக்கும் இது சிறிய வினாவன்று. கரைத்தீவில் மீன்பிடிப்போர் வீட்டிற் பிறந்த ஒரு சிறுவன் எவ்வளவு அறிவுடையவனாக இருந்திருப்பினும், இம்மூன்று தடைகளுள் முதலாவதையே தாண்டியிருக்க மாட்டான்.

இவற்றோடு நான்காவது தடையொன்றும் இருந்தது. இனத்தாலும் சமயத்தாலும் மாத்திரமன்றிச் சாதியாலும் மாணவர் விலக்கப்பட்டனர். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் சிலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமரவும் ஏனையோருடன் சேர்ந்து உண்ணவும் இடமளிக்கப்படவில்லை. சம ஆசனம், சம போசனம் என்னும் கோரிக்கை 1920களில் எழுந்தது. 1924இல் யாழ்ப்பாணத்தில் தோன்றி, பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற மாணவர் இயக்கம் தீண்டாமையை எதிர்த்து நின்றது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலே சம ஆசனம் அளிக்கவேண்டும் என அரசாங்கம் கட்டளையிட்டபோது, அதனைப் பொறாதோர் பாடசாலைக் கட்டடங்களைத் தீக்கிரையாக்கிய நிகழ்ச்சிகளும் உண்டு. பாடசாலை வாங்கில் இடம் பெறாத பிள்ளை பல்கலைக்கழகத்தை எங்ஙனம் அடையும்? உயர்கல்வியில் சமத்துவம் பேசுவோர் முதலில் நோக்கவேண்டியது ஊர்ப் பள்ளியின் வாங்கையே என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

1942ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் பல்கலைக்கழகக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகமாயின. கல்லூரியின் இறுதி அதிபராயிருந்த ஐவர் ஜென்னிங்ஸ் அதன் முதல் உபவேந்தரானார். ஆண், பெண், இனம், சமயம், வகுப்பு என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் பல்கலைக்கழகம் உரியது என்பது சட்டத்திலேயே இடம்பெற்றது. அந்த யுத்த காலத்தில் அங்கு பயின்றவர் ஏறத்தாழ 900 பேர். பல இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டிலே இஃது எத்துணைச் சிறு கூட்டம்!

அடுத்த ஆண்டு, 1943இல், தமிழ்ப் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் விபுலாநந்த அடிகள். மட்டக்களப்பு மண்ணில் இந்து, முஸ்லிம் மக்கள் அடுத்தடுத்து வாழும் சூழலிலே வளர்ந்தவர் அவர். இராமகிருஷ்ண மிசன் துறவியாக இருந்தும், தமிழை ஒரு சமயத்தாரின் தனியுடைமையாக அவர் கருதவில்லை. பாணந்துறைப் பகுதியிலிருந்து வந்த எம். எம். உவைஸ் என்னும் முஸ்லிம் இளைஞர் அவரிடம் தமிழ் பயின்றார். சிங்களம் பேசுவோர் நடுவே வளர்ந்த அவ்விளைஞர், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணியை ஆராய்ந்து முதுகலைப் பட்டம் பெற்றார். அவ்வாய்வு 1953இல் ஆங்கிலத்தில் நூலாகவும் வெளிவந்தது. அதுகாறும் ஏட்டிலும் பழம் பதிப்பிலும் சிதறிக் கிடந்த நூற்றுக்கணக்கான இஸ்லாமியத் தமிழ் நூல்கள் ஆராய்ச்சியுலகின் பார்வைக்கு வந்தன. ஒரு மாணவனை அன்போடு உள்ளே அழைத்தமையால் அம்மாணவன் பெற்றது ஒரு பட்டம். தமிழ் பெற்றதோ தான் மறந்திருந்த தன் செல்வத்தில் ஒரு பகுதி. பல்லினத்தாரையும் சேர்த்துக்கொள்வது தயவு காட்டுதல் அன்று, அறிவை வளர்த்தல் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பணம் என்னும் தடையை நேரே தாக்கியவர் கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா. அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாம் நாளிலிருந்து பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நகரத்துப் பெருங் கல்லூரிகளின் தரத்தைக் கிராமத்துக்குக் கொண்டு செல்லும் நோக்கத்தோடு மத்திய பாடசாலைகள் எழுந்தன. கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசிலும் அங்கே விடுதியும் கிடைத்தன.

ஆனால், கட்டணம் ஒழிந்தாலும் செலவு ஒழியவில்லை. உணவுக்கும் உடைக்கும் புத்தகத்துக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டும். படிக்கச் செல்லும் பிள்ளையின் உழைப்பும் வீட்டுக்கு இல்லாமற் போகும். இந்த உண்மையை நன்குணர்ந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்த அவர், வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்று, பல்கலைக்கழகக் கல்லூரியிலே வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்றவர். இந்துப் பாடசாலைகள் வளர்த்தெடுத்த அந்த முஸ்லிம் மாணவரே 1935இல் இலங்கை சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் ஆனார். யுத்த காலத்தில் கல்முனையிற் கடமையாற்றியபோது, திறமையிருந்தும் வசதியின்றி வாடிய பிள்ளைகளை அவர் நேரிற் கண்டார். அங்கே 1942இல் ஒரு கல்விச் சங்கத்தை அமைத்தார்; பின்னர் 1945இல் நாடு முழுவதற்குமாக இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தோற்றுவித்தார். பணமின்மையால் உயர்கல்வியைக் கைவிட நேரும் முஸ்லிம் மாணவருக்குக் கைகொடுப்பதே அதன் குறிக்கோள். இலவசக் கல்வி பிறந்த ஆண்டிலேயே இந்நிதியும் பிறந்தது என்பது கருதத்தக்கது. அரசு சட்டத்தால் செய்ததன் குறையைச் சமூகம் தன் நன்கொடையால் நிரப்ப முற்பட்டது.

இதே காலத்தில் கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபராயிருந்தவர் ரி. பி. ஜாயா. 1921 முதல் 1948 வரை அவர் அப்பதவியை வகித்தார். அளுத்கம, கம்பளை, மாத்தளை, புத்தளம் முதலிய இடங்களிலே சாஹிராவின் கிளைகள் தோன்றியது அவர் காலத்திலேதான். புத்தளக் கரைக்கு இதன் பயன் பெரிது. கொழும்புக்குச் செல்ல இயலாத பிள்ளைக்குக் கல்லூரியே அருகில் வந்தது. 1948இல் ஜாயாவுக்குப் பின் சாஹிராவின் அதிபர் பொறுப்பை ஏற்றவர், சிவில் சேவையைத் துறந்து வந்த அஸீஸ் அவர்களே.

எஞ்சிய தடை உறைவிடம். அதற்கு விடையாக எழுந்தது பேராதனை. பல்கலைக்கழகம் கொழும்பிலா மலைநாட்டிலா அமைவது என்று பல்லாண்டு நடந்த விவாதத்தின் முடிவில் மகாவலிக் கரையிலே இடம் தெரிவாயிற்று. 1952 ஒக்டோபரில் கலைத்துறை மாணவர் அங்கே குடிபெயர்ந்தனர். மாணவர் யாவரும் விடுதிகளில் ஒன்றாக உறைந்து பயிலவேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. அவ்விடுதிகளின் பெயர்களை நோக்குக: இராமநாதன், அருணாசலம், ஜயதிலக, ஜேம்ஸ் பீரிஸ், அக்பர், மார்ஸ். இந்து, பௌத்தர், கிறித்தவர், முஸ்லிம், ஆங்கிலேயர் எனப் பலரின் பெயர்கள் ஒரே மலைச்சாரலில் அடுத்தடுத்து நின்றன. இராமநாதன் விடுதியில் தமிழர் மட்டும் உறையவில்லை. ஜயதிலக விடுதியில் சிங்களவர் மட்டும் உறையவில்லை. காலப்போக்கில் விகாரையும், குறிஞ்சிக்குமரன் கோயிலும், பள்ளிவாசலும், கிறித்தவ ஆலயங்களும் அச்சூழலில் அமைந்தன. தமிழ்ச் சங்கமும், இந்து மாணவர் சங்கமும், முஸ்லிம் மஜ்லிசும் தத்தம் மலர்களை வெளியிட்டன. ஒருவன் தன் சமயத்தையும் மொழியையும் வாயிலிலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

இவ்வாறு ஒன்றாக வாழ்ந்ததன் பலன் கலையிலும் தோன்றியது. 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். அவர் எடுத்தாண்ட நாடகம என்னும் வடிவமோ தமிழ்க் கூத்திலிருந்து மேலைக் கரையோரக் கத்தோலிக்கர் வழியாகச் சிங்களத்துக்குச் சென்றது. அதனைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவை அரங்கேறின. தமிழரிடமிருந்து சிங்களவர் பெற்றதைப் பார்த்துத் தமிழர் தம் உடைமையை மீண்டும் அறிந்துகொண்டனர். அயலவனோடு ஒரே வளாகத்தில் வாழ்ந்திராவிடின் இது நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

பின்வந்த வரலாறு இத்துணை இனிமையானதன்று. 1960ஐ அடுத்துத் தாய்மொழிவழி கற்ற மாணவர் பெருந்தொகையாகப் பல்கலைக்கழகம் புகுந்தனர். முதல் தடையாகிய ஆங்கிலம் கலைத்துறையில் நீங்கியது பெரும் நன்மை. ஆயினும், சிங்கள மொழி வகுப்பும் தமிழ் மொழி வகுப்பும் தனித்தனியே நடந்தமையால், ஒரே வளாகத்தில் உள்ளோர் ஒருவர் சொல்லை ஒருவர் அறியாதவராயினர். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. 1971இல் மருத்துவத்துறை புகுவதற்கு 400க்குச் சிங்கள மொழி மூல மாணவனுக்கு 229 புள்ளி போதுமாயிருக்க, தமிழ் மொழி மூல மாணவன் 250 புள்ளி பெறவேண்டியதாயிற்று. மொழியைக் கொண்டு மாணவரைப் பிரித்தெடுத்த அந்த அளவுகோல் தமிழ் இளைஞர் உள்ளத்தில் ஆறாத புண்ணை உண்டாக்கியது.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இதன் விளைவு இருவகைப்பட்டது. கல்வியில் முன்னேறியிருந்த யாழ்ப்பாணத்து மாணவர் பலர் தம் உழைப்புக்குரிய இடத்தை இழந்தனர். மன்னார், வவுனியா, மட்டக்களப்பு முதலிய பின்தங்கிய மாவட்டத்து மாணவருக்கோ அதுவரை கிடையாத வாய்ப்புக் கிட்டியது. ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாத பாடசாலையிற் பயின்ற பிள்ளையையும், நூற்றாண்டுப் பழமையுடைய கல்லூரியிற் பயின்ற பிள்ளையையும் ஒரே புள்ளியால் அளப்பது நீதியா என்பது ஒரு வினா. தன் முயற்சியால் முன்னின்ற பிள்ளையைப் பிறந்த ஊர் காரணமாகப் பின்னுக்குத் தள்ளுவது நீதியா என்பது மற்றொரு வினா. இவ்விரண்டுக்கும் ஒருசேர விடைகாண அரசுகள் பலமுறை விதிகளை மாற்றின. அண்மைக்கால நடைமுறையில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையாலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகையாலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்காகவும் பகிரப்படுகின்றது. பின்தங்கியவை எனக் குறிக்கப்பெற்ற மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. கரைத்தீவு மாணவனுக்கு இவ்விதி ஒரு படிக்கட்டு. ஆனால், அப்படிக்கட்டு அவன் ஊர்ப் பாடசாலையிலுள்ள ஆசிரியர் பற்றாக்குறைக்கு மருந்தாகாது.

1974இலேயே யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பெற்றபோது, பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில் சிங்கள மாணவரும் அங்கே பயின்றனர். 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தோடு அவர்கள் வெளியேற நேர்ந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பகுதியினர் அடைக்கலம் புகுந்தது புத்தளம் மாவட்டத்திலேயே. வளம் குறைந்த பாடசாலைகள் தம் வாங்குகளைப் புதிதாக வந்த பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்ளவேண்டியதாயிற்று. யுத்தச் சூழலில் கல்வியைத் தொடர இயலாத முஸ்லிம் மாணவரின் தேவை கருதி 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அமைந்தது. 1996இல் அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று ஒலுவிலில் முஸ்லிம், தமிழ், சிங்கள மாணவர் யாவரும் பயில்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் சிங்கள மாணவர் மீண்டும் வந்துள்ளனர். கலவரத்தால் மூடிய வாயில்கள் திறந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

நலன் பேணும் ஏற்பாடுகளும் வளர்ந்துள்ளன. 1981இல் சட்டபூர்வமாக அமைந்த மகாபொல நிதியம் பல தலைமுறை ஏழை மாணவரின் மாதச் செலவில் ஒரு பங்கைத் தாங்கியது. உடற்குறை உள்ளோர்க்கும் தனி அனுமதி ஏற்பாடுண்டு. எனினும், வெளியிலிருந்து வரும் தடையைவிட உள்ளேயே முளைக்கும் தடை கொடியது. முதலாண்டு மாணவரை மூத்தோர் வதைக்கும் பகிடிவதையால் 1997இல் பேராதனையில் ஒரு மாணவன் உயிரிழந்தான். அதன்பின் 1998இல் பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பெற்றது. சட்டம் வந்தபின்னும் அத்தீமை முற்றாக அகலவில்லை. ஊரிலே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளை ஒரு வாரத்தில் அஞ்சி வீடு திரும்புமாயின், கன்னங்கராவும் அஸீஸும் பாடுபட்டதெல்லாம் அந்தப் பிள்ளையளவில் வீணாகிவிடும்.

இந்த நூற்றாண்டு வரலாற்றை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். சட்டத்தில் எழுதப்பெற்ற சமத்துவம் தானே நடந்து எந்தக் கரைக்கும் சென்றதில்லை. கட்டணத்தை ஒழித்த ஒரு மந்திரியும், நிதி திரட்டிய ஓர் உத்தியோகத்தரும், கிளைப்பாடசாலை நிறுவிய ஓர் அதிபரும், சமயம் பாராது மாணவனை அழைத்த ஒரு துறவியுமே அதனைச் சுமந்து சென்றனர். விடுதிக் காப்பாளர், விரிவுரையாளர், மூத்த மாணவர் ஆகியோர் இன்று அச்சுமையைத் தோள்மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள். புதிதாக வந்த மாணவன் உண்டானா, உறங்கினானா, அவன் பேசும் மொழி விளங்கும் ஒருவராவது அருகில் உண்டா என்று விசாரிப்பதிலே பல்கலைக்கழகத்தின் பெருமை அடங்கியிருக்கின்றது. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள காரைதீவுகள் அறிஞரை வளர்த்துத் தந்தன. மேற்குக் கரைத்தீவிலும் அறிவுடைய பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களை வாயில்வரை அழைத்து வருவதோடு நில்லாது, உள்ளே அமர இடமும் அளித்தல் கற்றோர் கடனாகும்.